வாரா, போல்ட்டா, ஃபைபரா? சேலத்திலும் ஏற்காட்டிலும் மிருதங்கம் வாங்குவோருக்கு

பள்ளிகள் திறந்து பாட்டு வகுப்புகளும் சூடுபிடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், மிருதங்கம் சொல்லிக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களிடம் பெற்றோர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "பிள்ளை இத்தனை நாளும் உங்கள் வீட்டு மிருதங்கத்தில்தான் தட்டிக்கொண்டிருக்கிறான். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்க்கிறோம். வார் போட்டது வாங்கட்டுமா, போல்ட் வைத்தது வாங்கட்டுமா? ஃபைபரில் வந்திருக்கிறதாமே, அது ஆகுமா சார்?"

சேலம் அம்மாபேட்டையிலிருந்து வந்து கேட்பவருக்கும் ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து கேட்பவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்வதில்லை. பாடம் ஒன்று, பிள்ளைகளின் வயதும் ஒன்று. ஆனால் தோல் அந்தந்த ஊர்க் காற்றைக் குடிக்கும் பொருள். காய்ந்தால் இறுகும், சுருதி ஏறும். ஈரம் பட்டால் தளரும், சுருதி இறங்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தொட்டு வறுக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடிவாரத்தில் சுருதி சேர்த்த மிருதங்கம் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் இறங்கும்போது அதே சுருதியில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது

கடைக்காரர் முதலில் நாதத்தைக் காட்டுவார். நான் நாதத்தை நான்காவது இடத்தில் வைக்கிறேன். புதிதாகத் தோல் மூட்டிய மிருதங்கம் எதுவும் கடையில் நன்றாகத்தான் பேசும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகு எப்படிப் பேசுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். என் வரிசை இது.

முதலாவது, வாத்தியம் ஆண்டு முழுவதும் இருக்கப் போகும் அறையின் ஈரமும் வெயிலும். இரண்டாவது, பழுது பார்க்கும் கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. மூன்றாவது சுருதி: யாருக்கு வாசிக்கப் போகிறார்? ஆண் குரலுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை (கட்டை என்பது இங்கே சுருதியின் அளவு), பெண் குரலுக்கு ஐந்து கட்டையை ஒட்டி என்பது பொதுக் கணக்கு. ஒரே மிருதங்கம் இரண்டுக்கும் ஆகாது. ஏறத்தாழ ஒரு கட்டை அளவுக்குத்தான் ஏற்றி இறக்க முடியும். தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குல நீளம், உச்ச சுருதிக்கு 22 அங்குலம் என்று வாங்குவது வழக்கம். நான்காவது நாதம், அதோடு விரலுக்கும் காதுக்கும் கிடைக்கும் பயிற்சி. ஐந்தாவது சுமை. கடைசியாக விலை. அதையும் வாங்கும் நாளின் விலையாகப் பார்க்காமல் மூன்றாண்டுச் செலவாகப் பார்க்க வேண்டும்.

வார் மிருதங்கம்

பலாமரக் கட்டையைக் குடைந்து, இரு பக்கமும் தோல் மூட்டி, எருமைத்தோல் வாரால் இழுத்துக் கட்டியது. கச்சேரி மேடையில் நாம் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். வலது கை வாசிக்கும் பக்கமான வலந்தலையில் வெளி வளையமாக மீட்டுத் தோல், அதன் கீழே ஆட்டுத்தோலில் சாப்பு, நடுவே கிட்டக்கல் என்ற கரிய கல்லின் பொடியும் சோறும் குழைத்துப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றிய கரிய சாதம். சாதாரண முரசுத் தோலிலிருந்து எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிக் கிடக்கும். நம் மத்தளங்களில் அவை ஒழுங்கான சுரங்களாக அமைகின்றன என்பதையும், நடுவில் ஏற்றிய அந்தச் சாதமே அதற்குக் காரணம் என்பதையும் சர் சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழிலும், பிறகு 1934இல் விரிவாகவும் எழுதினார். மிருதங்கம் சுருதி சேர்க்கக்கூடிய தாள வாத்தியமாக இருப்பது அதனால்தான். அந்தக் கரும்பொட்டில் ஒரு விரிசல் விழுந்தால் 'நம்' என்ற மிருதங்கச் சொல் கரகரக்கத் தொடங்கும்.

இதில் பழகும் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய லாபம் காது. சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். வலந்தலையைச் சுற்றி வார் கோக்கும் பதினாறு கண்கள். ஒரு கண்ணுக்கு நேரே மீட்டிப் பார்க்க வேண்டும், அடுத்து எதிர்ப்பக்கத்துக் கண், பிறகு அதற்குக் குறுக்கே உள்ளது. எங்கே இறங்கியிருக்கிறதோ அங்கே விளிம்புப் பின்னலின் மேல் மரக்கட்டையை வைத்து, கூழாங்கல்லால் கீழ்நோக்கி ஒரு தட்டு. ஏறிப்போய்விட்டால் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு தட்டு. ஒரு கண்ணைத் திருத்தினால் பக்கத்துக் கண் நழுவும், மறுபடி சுற்று. பத்து வயதுப் பிள்ளைக்கு முதலில் எல்லாக் கண்ணும் ஒன்றாகத்தான் கேட்கும். சில மாதங்களில், 'இந்தக் கண் கொஞ்சம் இறக்கமாக இருக்கிறது' என்று தானே விரலை வைத்துக் காட்டும். இந்தப் பழக்கம் வேறு எந்த வகை மிருதங்கத்திலும் இவ்வளவு ஆழமாக வருவதில்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். தினமும் சாதகம் (பயிற்சி) செய்தால் வலந்தலையில் சாதம் தேயும், உதிரும். பழையதைச் சுரண்டிப் புதுச் சாதம் போடலாம். தோலே நைந்துவிட்டால் மூட்டு, அதாவது வளையத்தோடு கோத்த தோல் முழுவதையும், மாற்ற வேண்டும். வார் நாளடைவில் நீளும். அதை இழுத்து வார் பிடிப்பது வீட்டில் நடக்கிற வேலையில்லை. பழகிய கையும் உடல் வலுவும் வேண்டும். சேலத்தில் இந்த வேலையை நேர்த்தியாகச் செய்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நல்ல மூட்டு வேண்டுமென்பவர்கள் தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ பாலக்காட்டுப் பக்கம் பெருவெம்புக்கோ அனுப்புகிறார்கள். அந்த வகையில் நம் ஊர் வசதியான ஊர்தான். சேலம் ஜங்ஷனிலிருந்து சென்னைக்கும் பாலக்காட்டுக்கும் நேரே ரயில் இருக்கிறது. ஆனால் போக்குவரத்துச் செலவும், வாத்தியம் இல்லாமல் கழியும் வாரங்களும் கணக்கில் சேர வேண்டும். தோல் வேலைக்குக் கேட்கும் கூலியைக் குறைக்கச் சொல்லி மன்றாடும் பெற்றோரை எனக்குப் பிடிப்பதில்லை. தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, மூட்டி, சாதம் தேய்த்து, நாள் கணக்கில் குனிந்து செய்கிற வேலை அது. அங்கே மிச்சம் பிடித்த நூறு ரூபாய் சாதத்தின் கனத்தில் வந்து நிற்கும்.

பிறகு ரவை. இடது கைப் பக்கமான தொப்பியில், தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை ஒட்டி வாசித்து, முடித்ததும் சுத்தமாக வழித்து எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கரப்பான் பூச்சிக்கு விருந்து. எலி வந்தால் தொப்பியே போய்விடும். ஏற்காட்டுக் காப்பித் தோட்ட வீடுகளில் இதோடு பூஞ்சணமும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் உறையைத் திறக்காமல் வைத்திருந்தால், தொப்பியின் மேல் வெண்பூஞ்சணம் பூத்திருக்கும். பழைய ஆட்கள் மிருதங்கத்தின் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். அது வேலை செய்கிறது, ஆனால் தினமும் நினைவாகச் செய்ய ஆள் வேண்டும். சேலத்துச் சிக்கல் இதற்கு நேர் எதிர். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் மிருதங்கத்தை வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால், திரும்பும்போது சாதம் வெடித்திருக்கும்.

போல்ட் மிருதங்கம்

கட்டையும் தோலும் சாதமும் அதேதான். இழுத்துக் கட்டும் முறை மட்டும் வேறு: வாருக்குப் பதிலாக உலோக வளையமும் திருகாணிகளும். ஸ்பேனரால் இறுக்கினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். தவிலில் இந்த மாற்றம் எப்போதோ வந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வரும் மேளக்காரர்களின் தவிலைப் பாருங்கள், போல்ட் இல்லாததைத் தேட வேண்டும். மிருதங்கக்காரர்கள்தான் இன்னும் முகம் சுளிக்கிறார்கள்.

அந்தச் சுளிப்பில் பாதி நியாயம். வளையமும் ஆணிகளும் கட்டையோடு சேர்ந்து அதிராவிட்டால் நாதத்தில் ஓர் இறுக்கம் தெரியும். மலிவான வேலையில் எங்கோ ஓர் ஆணி 'கிர்' என்று கூடவே பேசும். மீதிப் பாதி வெறும் பழக்கம். நன்றாகச் செய்த போல்ட் மிருதங்கத்தைத் திரைக்குப் பின்னால் வைத்து வாசித்தால், சபையில் பலருக்கு வேறுபாடு தெரியாது என்பது என் எண்ணம்.

இதன் உண்மையான பலம் வேறு. புதுத் தோல் மூட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால், பழகியவர் வீட்டிலேயே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். வார் பிடிக்கும் ஆளைத் தேட வேண்டாம். மேடையில் பாடகர் திடீரென்று அரைக் கட்டை ஏற்றச் சொன்னாலும் பதறாமல் ஏற்றலாம். ஏற்காட்டுப் பள்ளி விழாவிலோ தேவாலயத்திலோ கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கிற பிள்ளைக்கு இது பெரிய வசதி. பாடகர் நமக்காகச் சற்று இறங்கி வருவார், கீபோர்டு வராது.

பலவீனங்களும் உண்டு. ஒரு போல்ட்டைத் திருகினால் அக்கம்பக்கத்துக் கண்களும் சேர்ந்தே நகரும். எனவே கடைசி நுணுக்கத்துக்குக் கல்லும் கட்டையும் வேண்டியதுதான். ஸ்பேனர் கைக்கு வந்ததும் பிள்ளைகள் கல்லைத் தொடுவதே இல்லை. காது வளர்வது தாமதப்படுகிறது. ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் தோல் கோணிக்கொள்ளும். மலைப்பாதை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகும்போது மரைகள் தளரும். இறங்கியதும் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். மூடுபனியில் துருவும் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு தயாரிக்கும் உருக்காலை இருக்கிற ஊர்க்காரர்கள் சாதாரண இரும்பு ஆணியை வாங்கிக்கொண்டு போய் ஏற்காட்டில் துருவோடு மல்லுக்கட்டுவது வேடிக்கைதான். ஒவ்வோர் ஆணியும் எவர்சில்வரா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் அதே அளவு ஆணியை வன்பொருள் கடையில் வாங்கி மாற்றிவிடலாம்.

முக்கியமான ஒன்று. போல்ட் வைத்தால் ஈரம் பாதிக்காது என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். தோல் அதே தோல்தான். ஈரத்தில் இறங்கத்தான் செய்யும். இறங்கியதைச் சீக்கிரம் ஏற்றிவிடலாம், அவ்வளவே.

ஃபைபர் மிருதங்கம்

இந்தப் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்று, கட்டை மட்டும் ஃபைபர் கண்ணாடி இழை. மூட்டு வழக்கமான தோல். இது இலேசாக இருக்கும், கட்டை வெடிக்காது. ஆனால் காற்றைக் குடிப்பது தோல் என்பதால், ஏற்காட்டுச் சிக்கல் எதுவும் இதில் தீராது. இன்னொன்று முழுக்கச் செயற்கை: கட்டையும் ஃபைபர், தோலுக்குப் பதில் பாலியஸ்டர் படலம். பெங்களூரில் வரதரங்கன் உருவாக்கிய ஸ்ரீ மிருதங்கம் இந்த வகையைச் சேர்ந்தது. கடையில் 'ஃபைபர்' என்று சொன்னால், வலந்தலையைத் தொட்டுக்காட்டி, இது தோலா படலமா என்று கேளுங்கள்.

முழுச் செயற்கை வகை மூடுபனியிலும் சித்திரை வெயிலிலும் ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கும். ரவை பிசைய வேண்டாம். பூஞ்சணம் இல்லை, எலி தொடாது. பிள்ளையே தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். பெரிய பலா மிருதங்கத்தோடு அதே பிள்ளை அப்பாவை எதிர்பார்த்து நிற்க வேண்டும். விலங்குத் தோல் வீட்டுக்குள் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்கும் இது நேர்மையான வழி. அவர்களுக்கு இவ்வளவு நாளும் வேறு வழியே இல்லாமல் இருந்தது.

குறை எங்கே? வலந்தலைச் சொற்கள் தெளிவாக விழுகின்றன. சில வேளைகளில் தேவைக்கு மேலேயே தெளிவாக. வேறுபாடு தொப்பியில்தான் தெரிகிறது. இடது கையின் அடிப்பகுதியை அழுத்தித் தள்ளி, நாதத்தை வளைத்துக் கும்கி எடுக்கும்போது, ரவை ஒட்டிய தோல் கையோடு கூடவே வரும். படலம் கொஞ்சம் வழுக்கும். ஃபைபரிலேயே பழகியவர் ஒரு நாள் மேடையில் தோல் மிருதங்கத்தின் முன் உட்கார்ந்தால், வலது கை சமாளித்துவிடும், இடது கை திணறும். பழுது விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. அடிக்கடி கெடாது என்பது உண்மை. கெட்டால் உள்ளூர்க் கைவினைஞர் அதைத் தொட மாட்டார். தயாரித்தவரிடமிருந்துதான் மூட்டு வர வேண்டும். ஒரு மாற்று மூட்டைச் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

ஒரு பார்வையில்

| அளவுகோல் | வார் | போல்ட் | முழுச் செயற்கை ஃபைபர் |
|---|---|---|---|
| சேலத்துக் கோடை | சுருதி ஏறும், சாதம் வெடிக்கும் | அதேதான்; இறக்குவது எளிது | பெரிதாக மாறாது |
| ஏற்காட்டு மழைக்காலம் | இறங்கும், பூஞ்சணம் | இறங்கும், பூஞ்சணம், துரு | பெரிதாக மாறாது |
| பழுது | தேர்ந்த கைவினைஞர் தேவை | தோல் மூட்டை வீட்டிலேயே மாற்றலாம் | அரிது; தயாரித்தவரே கதி |
| சுருதி சேர்த்தல் | கல், கட்டை, நிறையப் பொறுமை | ஸ்பேனர், முடிவில் கல் | ஸ்பேனர் |
| நாதம் | முதலிடம் | செய்நேர்த்தியைப் பொறுத்தது | வலந்தலை தெளிவு, கும்கி குறைவு |
| காதுப் பயிற்சி | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| சுமை | அதிகம் | அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | சாதம், வார், போக்குவரத்து | ஆணி, மாற்று மூட்டு | மாற்று மூட்டு, பிற்பாடு ஒரு தோல் மிருதங்கம் |

யாருக்கு எது

சேலம் நகரத்தில் வீடு, வாரத்துக்கு இரண்டு வகுப்பு, பிள்ளைக்கு உண்மையான ஆர்வம், வீட்டில் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்றால் வார் மிருதங்கம்தான். இதில் எனக்குத் தயக்கமில்லை. அரசு இசைப்பள்ளியில் சேர்ந்து முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கும், பின்னாளில் கச்சேரி மேடையை நினைப்பவர்களுக்கும் இதே பதில். புதிதுதான் வேண்டும் என்பதில்லை. நன்றாக விளைந்த பழைய பலாக் கட்டை கிடைத்தால் அதை வாங்கிப் புது மூட்டுப் போடுவதே மேல். கட்டை தலைமுறைகள் தாண்டும், தோல்தான் தேயும்.

சேலத்திலேயே இருந்து, பஜனை, பரதநாட்டியம், மெல்லிசை என்று பல இடங்களுக்குப் பல சுருதியில் வாசிக்கப் போகிறவர்களுக்குப் போல்ட். ஏற்கெனவே காது பழுத்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். முதல் மிருதங்கமாகப் போல்ட் வாங்கினால், முதல் ஓராண்டுக்கு ஸ்பேனரை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத்தான் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையிலேயே வீடு, சுருதி சேர்த்துக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, வகுப்புக்கு மட்டும் சேலத்துக்கு இறங்குகிறார்கள் என்றால், வீட்டுச் சாதகத்துக்கு முழுச் செயற்கை ஃபைபரும், வகுப்பில் ஆசிரியரின் தோல் மிருதங்கமும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பெற்றோர் இதை அரைகுறை ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். இறங்கிப்போன சுருதியில் தினமும் ஒரு மணி நேரம் வாசித்துக் காதைக் கெடுத்துக்கொள்வதைவிட, சரியான சுருதியில் நிற்கும் படலத்தில் கையைப் பழக்குவது மேல். வாரத்துக்கு ஒரு முறையாவது தோலில் இடது கை உட்கார்ந்தால் கும்கி மறக்காது. மலையில் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு யோசனையே வேண்டாம், ஃபைபர்தான். விடுதி அறையில் ரவையை வழித்து எடுக்கிற பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் எந்த வகையாக இருந்தாலும் சிறிய அளவு. 24 அங்குலத்தை மடியில் கிடத்தினால் இரண்டு கையும் முழுக்க விரிந்து தோள் ஏறிக்கொள்ளும். அந்தத் தோள் பிறகு இறங்குவது கடினம்.

வாங்கும்போது

ஆசிரியரையோ, மிருதங்கம் வாசிக்கும் ஒருவரையோ அழைத்துக்கொண்டு போங்கள். கைப்பேசியில் தம்புரா செயலியை இட்டு, உங்களுக்கு வேண்டிய கட்டையை வைத்துக்கொண்டு, அந்தச் சுருதிக்குச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். 'இது இன்னும் இரண்டு நாளில் ஏறிவிடும்' என்றால், ஏறிய பிறகு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். பதினாறு கண்ணிலும் மீட்டிப் பார்க்க வேண்டும். சேர்த்த பிறகும் ஒரு கண் மட்டும் பிடிவாதமாக விலகி நின்றால் அங்கே தோலோ சாதமோ சீராக இல்லை. சாதத்தின் மேல் நகத்தால் மெல்லத் தட்டினால் உறுதியாக இருக்க வேண்டும், துகள் உதிரக்கூடாது. கட்டைக்கு வண்ணம் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மரத்தின் விரிசலையும் அதில் அடைத்த மெழுகையும் வண்ணம் நன்றாக மறைக்கும். தூக்கிப் பார்த்தால் அளவுக்குத் தக்க கனம் இருக்க வேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், இன்னொரு வலந்தலைக்கு என்ன விலை, எத்தனை நாளில் தருவார், யார் மூட்டுவார் என்று மூன்றையும் கேட்டு, ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.